மிதி நிற்காத சைக்கிள்

கிர்ர்ர்ர்... தெருமுனைத் திருப்பத்தில் இந்தச் சத்தம் கேட்டால் போதும். ஆள் கண்ணில் படுவதற்கு முன்பே எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் விலகும். திருப்பத்திலிருந்து வீடு வரை லேசான இறக்கம். அங்கே வந்ததும் மிதிப்பதை விட்டுவிடுவேன். சைக்கிள் தானாக உருளும். பின்சக்கரத்தில் இருக்கும் பிரீவீல் கிர்ர்ர் என்று பாடும். உள்ளே என் மனைவி செல்வி எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பாள்.

ராத்திரித் தறி வேலை என்பது, ஊர் காலையில் கட்டிக்கொள்ளப் போகும் லுங்கியை ஊர் தூங்கும்போது நெய்து முடிப்பது. நான் நெய்கிறவன்கூட இல்லை. நெய்கிற தறி நின்றுபோனால் அதை ஓட வைக்கிறவன். வெண்ணந்தூர் பக்கம் ஒரு தறிப்பட்டறையில் மெக்கானிக். யாரும் சொல்லித் தரவில்லை, பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டது. வீடு ஆட்டையாம்பட்டி. விடியும்போது வேலை முடியும். வெளிச்சம் கண்ணைக் குத்த, காதுக்குள் தறி இன்னும் ஓடிக்கொண்டிருக்க, சைக்கிளில் வீடு திரும்பும் என் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படுத்தால் தூக்கம் வராது, நின்றால் கால் நிற்காது என்பது உங்களுக்குத்தானே தெரியும்?

செல்வியின் அப்பாவும் ராத்திரித் தறிதான் ஓட்டினார். ஒரு நாள் விடிந்து வெயில் ஏறியும் அவர் வரவில்லை. பைபாஸில் ஒரு லாரி. கல்யாணமான புதிதில் ஒரு தடவை இதைச் சொன்னாள். பிறகு சொன்னதில்லை. தெருமுனையில் என் சைக்கிள் பாடிக்கொண்டிருந்தவரை சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. பிறகு நான் பாடாத சைக்கிள் ஒன்றை வாங்கினேன்.

என்னென்ன இல்லை

கொரோனா முடிந்து தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்த சமயம். என் பழைய சைக்கிளின் பிரேம் வெல்டிங் விட்டு இரண்டாகப் பிரிந்துவிட்டது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய சைக்கிள் வாங்கி விற்கிற ஆரோக்கியம் அண்ணனிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்துதான் கடை திறப்பார். சுவரில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மெல்லிசான டயர், நேர்க்கோடு போட்ட மாதிரி பிரேம். வட்டமான மைதானத்தில் பந்தயம் விடுகிற ஜாதி, அதிலேயே ஏழைக்கென்று செய்தது. திருச்செங்கோடு பக்கம் இன்ஜினியரிங் படித்த யாரோ ஆசைப்பட்டு வாங்கி, பயந்துபோய் விற்றுவிட்டுப் போயிருந்தான்.

இந்த சைக்கிளில் மிதியும் பின்சக்கரமும் ஒரே உயிர். சக்கரம் சுற்றினால் மிதி சுற்றும், மிதி நின்றால் சக்கரம் நிற்கும். சும்மா உருள்வது என்ற பேச்சே கிடையாது. காலை வைத்துத்தான் ஓட்ட வேண்டும், காலை வைத்துத்தான் நிறுத்த வேண்டும். தறியும் அப்படித்தான், அதனால் எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆரோக்கியம் அண்ணன் பின்சக்கரத்தின் மறுபக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு சாதா பிரீவீல் தூசி படிந்து கிடந்தது. "சக்கரத்தைக் கழட்டித் திருப்பி மாட்டுனா இதே வண்டி சாதா சைக்கிள் ஆயிரும் ராசு. முட்டி கெஞ்சுற காலத்துக்கு வெச்சுக்க" என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் சாய்த்தேன். செல்வி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு சுற்று வந்து பார்த்தாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பெல்லு இல்லை, பிரேக்கு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை. ஏனுங்க, சைக்கிள்ல மீதி என்னதாங்க வாங்கிட்டு வந்தீங்க?"

இறங்கும் முறை

நம் பக்கத்தில் சைக்கிளை விட்டு இறங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஓடுகிற ஓட்டத்திலேயே வலது காலைப் பின்னால் வீசி எடுத்து, இடது மிதியில் ஒற்றைக்காலில் நின்று, அப்படியே மிதந்து வந்து வாசலில் குதிப்பது. அப்படி இறங்குகிறவனுக்கு ஒரு கெத்து உண்டு. சின்ன வயதிலிருந்து வேறு மாதிரி நான் இறங்கியதே இல்லை.

புது சைக்கிளில் முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில் வேலைக்குப் போனேன். பட்டறை வாசலில் எல்லோரும் டீ கிளாஸோடு நின்றிருந்தார்கள். முதலாளியும் இருந்தார். எல்லோரும் பார்க்கிறார்களே என்று வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகமாகவே வலது காலை வீசினேன். இடது மிதியில் நின்றேன். மிதிதான் நிற்கவில்லை. கீழே இருந்த மிதி என்னையும் சுமந்துகொண்டு பின்பக்கமாக மேலே ஏறியது. பிறகு நான் பார்த்தது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பிறகு கழிவு நூல் மூட்டைகள். அவை மட்டும் அங்கே இல்லையென்றால் இந்தக் கட்டுரை இல்லை. சைக்கிள் ஆளில்லாமல் நேராக உருண்டு போய்ப் பட்டறைக் கதவில் பணிவாகச் சாய்ந்து நின்றது.

என்னோடு ராத்திரித் தறி ஓட்டுகிற முருகேசன் டீயைக் கீழே வைக்காமலே கேட்டான்: "ஏனுங்ணா, வண்டி மட்டும் வேலைக்கு வந்துருச்சு, நீங்க லீவுங்களா?"

பட்டறை நகைகள்

இந்த சைக்கிளுக்கு மிதியோடு பாதத்தைக் கட்டி வைக்க ஒரு பட்டை வேண்டும். இல்லாவிட்டால் மிதி சுற்றுகிற வேகத்தில் கால் தெறித்துவிடும். கடையில் விற்கிற பட்டை நம் ஊருக்கு வராது. தறியில் ஊடைநூலைச் சுமந்து ஓடும் நாடாவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அடித்துத் தள்ள ஒரு கெட்டிப் பட்டை இருக்கிறது. நாளெல்லாம் அடி வாங்கியும் அறாத சாமான். தேய்ந்து கழற்றிப் போட்டதில் இரண்டை எடுத்து, அளவாக வெட்டி, துளை போட்டு மிதியில் மாட்டினேன். காலுக்கென்றே செய்தது போல உட்கார்ந்துவிட்டது.

அதோடு நின்றிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. பாவு மாற்றும்போது மிஞ்சும் வால்நூலை, ஊதாவும் பச்சையும் கலந்த லுங்கி நூலை, பசை தடவி ஹேண்டில்பாரில் நெருக்கமாகச் சுற்றினேன். வியர்த்தாலும் கை வழுக்காது. ஹேண்டில்பாரின் இரண்டு வாயையும் அடைக்க, உடைந்த நாடா ஒன்றின் இரும்பு முனைகளை அறுத்துச் செருகினேன். வெயிலில் இரண்டும் மின்னும். சீட்டுக்கு அடியில் தறி ஸ்பிரிங். கண்ணாடி முன் நின்று தலை சீவியே பல வருஷம் ஆகியிருந்த நான், அந்த சைக்கிளைத் தினமும் சிங்காரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் முதலாளி வந்து சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தறிகளைச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்க ராசு, தறியில ஏதாச்சும் மிச்சம் இருக்குதுங்களா, இல்லை முழுசா குடி மாறிருச்சுங்களா?"

எந்தத் தறிக்கு?

துணி நெருக்கமாக வர வேண்டுமா, தளர்வாக வர வேண்டுமா என்பதைத் தறியில் ஒரு சின்னப் பல்சக்கரம் முடிவு செய்யும். பல்லைக் கூட்டிக் குறைத்தால் துணியே மாறிவிடும். அதே கணக்கு சைக்கிளுக்கும் பொருந்தும் என்று ஒரு நாள் உறைத்தது. பின்சக்கரத்தில் பல் குறைந்தால் ஒரு மிதிக்கு அதிக தூரம். கால் கொஞ்சம் முக்க வேண்டும், அவ்வளவுதானே? ராசிபுரத்தில் தறிச்சக்கரங்களுக்குப் பல் வெட்டித் தரும் பட்டறையில் போய்ச் சிட்டையில் படம் வரைந்து கொடுத்தேன்.

மாட்டிய பிறகு வந்த விடியல்களை இன்றைக்கு நினைத்தாலும் தொடைக்குள் ஒரு துடிப்பு வருகிறது. அதிகாலைக் காற்று, இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடு, எங்கோ மஞ்சள் வேக வைக்கிற வாசனை. சாலையில் இருக்கும் சின்னக் கல்கூடப் பாதத்துக்குத் தெரியும். பத்து மணி நேரம் தறிச் சத்தத்தில் இருந்த உடம்பு சட்டென்று நிற்கத் தெரியாமல் தவிக்கும் என்று சொன்னேனே, இந்த சைக்கிள் அதை நிற்கச் சொல்லவில்லை. 'ஓடு, நானும் வருகிறேன்' என்றது. மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்த பிறகு எனக்குள் எதுவோ காலியாகக் கிடந்தது. அந்தச் சாலையில்தான் அது மறந்தது. இடது முட்டி அப்போதே லேசாக முனக ஆரம்பித்திருந்தது. நான் காது கொடுக்கவில்லை.

சக்கரத்தை வாங்கப் போன அன்றைக்கு அந்தப் பல் வெட்டுகிறவர், அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தத் தறிக்கு என்று கேட்டார். என் தறிக்குத்தான் என்றேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. "எல்லாஞ் சரிங்க. இந்தத் தறியில என்ன துணிங்க வரும்?"

லாரிக்காரர் கை

பெயின்ட் அடிக்க நாமக்கல் போனேன். அங்கே லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் ஒரு பெயின்டர். கையில் நல்ல சுத்தம். பிரேமுக்கு ஒரே கறுப்பு நிறம் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். அதுதான் தப்பு. லாரியே பார்த்துப் பழகிய மனிதரின் கையில் காலியான இடத்தைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது.

திரும்பி வந்து பார்த்தால் பிரேமின் கழுத்தில் ஒரு தாமரை. மேல் குழாயில் இரண்டு கிளிகள். பின்சக்கரத்தை ஒட்டிய கம்பியில், எறும்பு வரிசை மாதிரி சின்ன மஞ்சள் எழுத்தில் 'ஒலி எழுப்பவும்' என்று இருந்தது. ஏனுங்க, பெல்லே இல்லாத சைக்கிளில் இதை எதற்கு எழுதினீர்கள் என்றேன். பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டே சொன்னார்:

"உங்களுக்கு இல்லீங்க. பின்னாடி வர்றவன் அடிச்சுட்டுப் போகட்டும். நம்ம பக்கந்தான் சத்தமே இல்லையே."

பின்னோக்கிய வருகை

எடப்பாடியில் செல்வியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். செல்வி பஸ்ஸில் முன்னால் போய்விட்டாள். நான் சைக்கிளில்தான் வருவேன் என்று அடம்பிடித்துக் கிளம்பினேன். கல்யாணத்துக்குப் பேன்ட்டு போட்டுக்கொண்டு வந்தால் மதிப்பில்லை என்று செல்வி வைத்துவிட்டுப் போன பட்டுக்கரை வேட்டி இடுப்பில். தூக்கி மடித்துக் கட்டிக்கொண்டு மண்டபத் தெரு வரை வந்துவிட்டேன். பந்தலைப் பார்த்ததும் மரியாதைக்காக மடிப்பை இறக்கிவிட்டேன்.

சங்கிலி வேட்டியைக் கவ்வியது. சாதா சைக்கிள் என்றால் மிதியைப் பின்னால் சுற்றித் துணியை உருவிக்கொள்ளலாம். இதில் மிதி பின்னால் போக வேண்டுமென்றால் வண்டியே பின்னால் போக வேண்டும். வேறு வழியில்லை. நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்க, சந்தனமும் கல்கண்டும் வைத்துக்கொண்டு ஓரம்பரையை வரவேற்க நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இடுப்பில் ஒரு கையும் ஹேண்டில்பாரில் ஒரு கையுமாக, முகத்தைப் பந்தலுக்குக் காட்டியபடியே, வந்த வழியில் பின்னோக்கி உருட்டிக்கொண்டு போனேன். வேட்டி சாண் சாணாக வெளியே வந்தது, கறுப்புக் கறையோடு.

பந்தல் முகப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், யாரென்று எனக்குத் தெரியாது, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு குரல் கொடுத்தார்: "ஏஞ்சாமி, மொய் வெக்கோணும்னு ஞாபகம் வந்துருச்சாட்ட இருக்குது?"

பால்காரர் சொன்னது

இதற்கிடையில் வீட்டில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை. இந்த சைக்கிளில் மிதி நிற்பதே இல்லை, அதனால் அது பாடுவதும் இல்லை. தெருமுனை இறக்கத்தில் பூனை மாதிரி வந்து நின்று கதவைத் தட்டுவேன். செல்வி உடனே திறந்துவிடுவாள். உடனே திறக்கிறாளே, பரவாயில்லை, பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுப்பு மட்டும் நான் வந்த பிறகுதான் பற்றும். காபிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று ஒன்றிரண்டு தடவை முணுமுணுத்தும் இருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள், நானே சொம்பை எடுத்துக்கொண்டு பால் வாங்க வாசலுக்கு வந்தேன். பால்காரர் தங்கவேல் ஊற்றிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். இன்றைக்கு நல்ல தூக்கமா, அக்காவைத் தெருமுனையில் காணோமே என்றார். எந்தத் தெருமுனை என்று கேட்டேன். அவர் சொம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெனம் வெடியால அந்தப் போஸ்ட்டுக்கம்பத்துக்கிட்ட நிக்குங்க. நீங்க ஏரிப்பக்கம் திரும்புறது தெரிஞ்சொடனே ஓடி வந்து கதவைச் சாத்திக்குங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

ஒலி எழுப்பினேன்

செல்வியிடம் இதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் சாமான் வாங்கி வருவதில்தான் நடக்கும். அடுத்த நாளே ஒரு பித்தளை பெல் வாங்கி மாட்டினேன். இந்த மாதிரி சைக்கிளில் பெல் இருப்பது ஒரு குறைதான். கிளிகள் இரண்டும் அதை வேண்டா வெறுப்பாகப் பார்ப்பது போல இருந்தது. மாட்டினேன்.

விடியலில் தெருமுனைக்கு வந்ததும் டிங் டிங் என்று அடித்தேன். முதலில் நாய்கள் எழுந்தன. பிறகு வரிசையாக விளக்குகள் எரிந்தன. இரண்டு பக்கமும் கதவுகள் திறந்து, பெண்கள் தூக்கக் கலக்கத்தோடு ஆளுக்கொரு பாத்திரத்தோடு வெளியே வந்தார்கள். நான் வாங்கியது பால்காரர் தங்கவேல் அடிக்கிற அதே பெல் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் வருவதற்கு இன்னும் நேரமிருந்தது. செல்வியும் கம்பத்தடியில்தான் நின்றாள். வெளிச்சம் வராததால் என்னை அடையாளம் தெரியாமல், பெல் சத்தத்தை அவளும் பால்காரர் என்றே நினைத்து, இன்னும் இவரைக் காணோமே என்று எனக்குப் பின்னால் இருட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டுப் பழனியம்மா அக்கா சொம்பை நீட்டியபடியே என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டுச் சொன்னது: "அடக் கருமமே, நீயா சாமி? நாளைக்காச்சும் கறந்துக்கிட்டு வா."

ஏரிக்கரை

பெல்லைக் கழற்றிவிட்டேன். போன் அடிக்கிறேன் என்றேன், வண்டியில் வரும்போது போனை எடுக்காதீங்க என்றாள். பிரேக்காவது வைங்க என்றாள், பார்க்கலாம் என்றேன். மழைக்காலம் வந்தது. முட்டி முனகுவதை விட்டுவிட்டுப் பேசவே ஆரம்பித்தது. சேலத்தில் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். ஒன்று சைக்கிளை விடுங்கள், இல்லை, காலுக்கு ஓய்வு கொடுக்கிற சைக்கிளாக ஓட்டுங்கள் என்றார். சக்கரத்தின் மறுபக்கம் ஞாபகம் வந்தது. ரோசமும் கூடவே வந்தது. இன்னும் ஒரு மாசம் பார்ப்போம் என்று தள்ளிப் போட்டேன்.

ஒரு நாள் விடியலில் ஏரிக்கரை இறக்கம். வழக்கமாகக் காலை அழுத்தி வேகத்தைப் பிடித்து நிறுத்துகிற இடம். அன்றைக்கு இடது முட்டி சட்டென்று கைவிட்டது. அதே நேரம் பட்டை அறுந்தது, எதற்கும் அறாதது என்று சொன்னேனே, அதுதான். மிதிகள் இரண்டும் காற்றாடி மாதிரி சுற்ற, காலை எங்கே வைப்பதென்று தெரியாமல், வண்டியைக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் திருப்பினேன். ஈர மண் வாங்கிக்கொண்டது. எழுந்து பார்த்தால் முட்டி வீங்கியிருந்தது. போனைக் காணோம். செடிக்குள் எங்கோ அது அடித்து அடித்து ஓய்ந்தது. அடிப்பது யார் என்று தெரியும். தேடி எடுக்கத்தான் முடியவில்லை.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தேன். வெளுத்து வந்த சாலையில் எதிரே ஒரு ஆள் ஓட்டமும் நடையுமாக வருவது தெரிந்தது. கிட்டே வந்த பிறகுதான் செல்வி என்று தெரிந்தது. காலில் செருப்பு இல்லை. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஹேண்டில்பாரின் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். சைக்கிளை நடுவில் வைத்து இரண்டு பேரும் நடந்தோம். ஒரு முட்டை லாரி எங்களைத் தாண்டிப் போனது. அது கண்ணில் இருந்து மறையும் வரை நின்று பார்த்தாள். அதற்குப் பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள்:

"கோவமெல்லாம் இல்லீங்க. சத்தமே இல்லைனா நான் எந்தப் பக்கம் காதை வெச்சுட்டுக் கெடக்கறது?"

மறுபக்கம்

முட்டி வீக்கம் வடிந்ததும் ஆரோக்கியம் அண்ணன் கடைக்குப் போனேன். பூசைக்குப் போன வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக் வேண்டும் என்றேன். என் நடையைப் பார்த்தார். அன்றைக்குச் சொன்னதை அவர் இன்றைக்குத் திருப்பிச் சொல்லவில்லை. பிரேக்கைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "நல்லாத் துடைச்சு மாட்டு ராசு. ஓட்டறதுக்கு இன்னும் நெம்ப நாளு இருக்குது" என்றார்.

வீட்டு வாசலில் முதலில் பிரேக்கை மாட்டினேன். பிறகு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பின்சக்கரத்தைக் கழற்றினேன். ராசிபுரத்தில் வெட்டிய பல்சக்கரம் பளபளவென்று தேய்ந்திருந்தது. கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, சக்கரத்தைத் திருப்பி மாட்டினேன். தூசி படிந்த பக்கம் சங்கிலிக்கு வந்தது. அவ்வளவுதான் வேலை. இத்தனை நாள் தள்ளிப் போட்டது இதைத்தானா என்று எனக்கே சிரிப்பாக இருந்தது, சந்தோஷமாக மட்டும் இல்லை.

அடுத்த விடியலில் பழைய சாலையே வேறு மாதிரி இருந்தது. கற்கள் பாதத்தோடு பேசவில்லை. ஏரிக்கரை இறக்கத்தில் மிதியை நிறுத்தினால் கால்கள் இரண்டும் வேலை பறிபோன ஆட்களைப் போல விழித்தன. என்னவோ ஒரு கூட்டாளி பாதி வழியில் இறங்கிக்கொண்டது போல இருந்தது. தெருமுனைத் திருப்பத்துக்கு வந்தேன். கம்பத்தடி காலியாக இருந்தது. ஒரு விநாடி பயந்துவிட்டேன். மிதிப்பதை விட்டேன்.

கிர்ர்ர்ர்.

தாழ்ப்பாள் விலகியது. உள்ளே தீப்பெட்டி உரசுகிற சத்தம். அவள் வெளியே வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தூக்கம் கலையாத குரல் மட்டும் வந்தது: "காலைக் கழுவிட்டு வாங்க, காபி வெக்கறேன்."

அந்தக் காபி கொதிக்கும்வரை செய்கிற வேலை ஒன்று முன்பெல்லாம் எனக்கு இருந்தது. மறுபடி அதை ஆரம்பித்திருக்கிறேன். கழிவு நூலை எடுத்துச் சங்கிலியைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணியாக எண்ணெய் விடுவேன். பிரீவீல் பக்கம் வந்ததும் எண்ணெய்க் குப்பியை ஓரமாக வைத்துவிடுவேன், எண்ணெய் குடித்தால் அது அடக்கி வாசிக்கும். சத்தமே போடாத ஒரு சைக்கிளுக்காக இத்தனை பாடுபட்டுவிட்டு, கடைசியில் சத்தம் குறைந்துவிடுமே என்று எண்ணெய் விடப் பயப்படுகிற மெக்கானிக் இந்தப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.